அவசர அழைப்பு: இல்லை

என் வேலை ரொம்பச் சின்ன வேலை சார். கேட்டதற்குப் பதில் சொல்வது, அவ்வளவுதான்.

எங்கள் நிறுவனம் விற்கிற கைப்பட்டையைப் பார்த்திருப்பீர்கள். கட்டியிருப்பவர் மயங்கி விழுந்தால் அதுவே ஆம்புலன்சைக் கூப்பிடும். ஒவ்வொரு பட்டையும் தினமும் காலையில் எங்கள் சர்வரிடம், 'இன்று எனக்கு எந்தெந்த வசதி உண்டு?' என்று கேட்கும். அடி எண்ணுவது உண்டு, நாடி பார்ப்பது உண்டு, அவசர அழைப்பு உண்டு என்று சர்வர் பட்டியல் அனுப்பும். அந்தப் பட்டியலை வைத்திருப்பவன் நான். ஆறு வருடத்தில் ஒரு பிசகு கிடையாது.

என் தங்கை சமையலறையில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல், தரையில் கிடந்தபடியே செல்போனில் புருஷனை ஒன்பது தடவை கூப்பிட்டாள். மாப்பிள்ளை தன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சீட்டாடிக்கொண்டிருந்தார். மண்டைக்குள் ரத்தம் கசிந்ததாம். அரை மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார் டாக்டர்.

"அவ எதுக்கெடுத்தாலும் கூப்பிடுவா மச்சான். அப்புறம் பேசிக்கலாம்னு விட்டுட்டேன்" என்றார் மாப்பிள்ளை.

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இன்றும் எரிகிறது. கூப்பிட்டும் யாரும் வராமல் கிடப்பது எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவருக்கு அடிக்கடி தலைசுற்றல். வீட்டில் தனியாக வேறு இருந்தார். நானே ஒரு பட்டை வாங்கிப் போய் அவர் கையில் கட்டிவிட்டேன். "உங்க புண்ணியத்துல இனி பயமில்ல மச்சான்" என்று கண் கலங்கினார்.

ஒரே ஒருவருக்கு ஒரு வசதியை அணைத்தால் மேலாளர் கூப்பிட்டுக் காரணம் கேட்பார். நானூறு பேருக்கு அணைத்து, 'சோதனை' என்று எழுதிவைத்தால் ஏனென்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஆகவே மாப்பிள்ளையோடு இன்னும் முன்னூற்றுத் தொண்ணூற்றொன்பது பேரைச் சேர்த்தேன். கணினிதான் குலுக்கிப் போட்டு எடுத்தது; அதில் என் ஓரவஞ்சனை எதுவும் இல்லை.

மாப்பிள்ளை விழவே இல்லை. குண்டுக்கல் மாதிரி இருக்கிறார். விழுந்தது ஒரு தையல்காரம்மா. மூன்று வாரம் கழித்து, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர். இருவரும் தனியாக இருந்தவர்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

தையல்காரம்மா செத்தது தெரிந்ததும் ஏன் திருப்பிப் போடவில்லை என்கிறீர்கள். யோசித்தேன் சார். போட்டால் நானூறு பேருக்கும் சேர்த்துத்தான் போட வேண்டும். மாப்பிள்ளைக்கும் அல்லவா வந்துவிடும்.