ஏழுகல் மலை மணிக்கோபுரத்தில் நடந்தது

என் பெயர் ஜோசபின், வயது நாற்பத்தேழு, காலஞ்சென்ற வின்சென்ட்டின் மனைவி. பெங்களூரு ஜீவனஹள்ளி மூன்றாவது கிராஸில் வசிக்கிறேன், நர்சரிப் பள்ளியில் ஆசிரியை. எனக்குக் கன்னடம் பேச வரும், எழுத வராது. ஆகையால் நான் தமிழில் சொல்லச் சொல்ல, தமிழ் தெரிந்த ஏட்டு எழுதிக்கொண்டார்.

என் கணவர் ஆடுகோடியில் ஒரு எலக்ட்ரிக் கடையில் வேலை பார்த்தார். நாங்கள் இருவரும் எங்கள் பங்குக் கோயிலில், பக்கத்துத் தெருக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் அன்பியக் குழுவில் இருந்தோம். குழுத் தலைவர் சில்வெஸ்டர், கம்பெனி ஒன்றில் மேனேஜர். கோலாருக்கு அப்பால் உள்ள ஏழுகல் மலை வியாகுல மாதா கோயில் மிகப் பழமையானது. திருவிழாவுக்கு முன் அதைச் சுத்தம் செய்து சுண்ணாம்பு அடிக்கும் சேவைக்காக, சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் குழு பஸ்ஸில் அங்கே போனது. சில்வெஸ்டர் தன் காரில் வந்து அதை மலைமேல் நிறுத்தினார். பஸ் அடிவாரத்தில் நின்றது. அன்று பிஷப் வந்து பூசை வைப்பதாக இருந்தது.

சுண்ணாம்பு அடித்து முடித்த பிறகு, மணிக்கோபுரத்தில் சீரியல் லைட் கட்டும்படி சில்வெஸ்டர் என் கணவரிடம் சொன்னார். கோபுர வாசலில் குறுக்கே கயிறு கட்டி, மேலே ஏறக்கூடாது என்று போர்டு மாட்டியிருந்தது. என் கணவர், "போர்டு போட்டிருக்காங்களே சார்" என்றார். சில்வெஸ்டர், "அது வர்ற போறவங்களுக்குப்பா. நாம சேவைக்கு வந்திருக்கோம், மாதா பாத்துப்பாங்க" என்று சொல்லித் தன் கையாலேயே கயிற்றை அவிழ்த்தார். அப்போது என் பக்கத்தில் அன்னா நின்றாள். அவள் எங்கள் தெருவில் குடியிருப்பவள்.

அதன் பிறகு என் கணவர் மேலே ஏறினார். சற்று நேரத்தில் கோபுரத்தின் விளிம்புக்கல் பெயர்ந்து, கல்லோடு அவரும் கீழே விழுந்தார். ஆண்கள் அவரைத் தூக்கிக் கோயிலுக்குப் பின்னால் உள்ள அறையில் கிடத்தினார்கள். அதற்குள் பிஷப்பின் கார் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சில்வெஸ்டரின் காரைக் கேட்டேன். சில்வெஸ்டர், "மூச்சு நல்லாத்தானே இருக்கு ஜோசபின்மா. பூசை முடியட்டும், சத்தம் போடாதீங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுப் போனார். அன்னாவும் நானும் உள்ளே இருந்தோம். பூசைப் பாட்டு எங்களுக்கு நன்றாகக் கேட்டது. என் கணவர் தண்ணீர் கேட்டார். பிறகு, "பூசை முடிஞ்சிடுச்சா ஜோசி?" என்று இரண்டு தடவை கேட்டார். அதன் பிறகு அவர் பேசவில்லை.

பிஷப் மலையிறங்கிப் போன பிறகே கார் கதவைத் திறந்தார்கள். சீட்டில் ரத்தம் படாமலிருக்க முதலில் பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றைப் போட்டார்கள். பெங்களூரு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது உயிர் இல்லை என்று டாக்டர் சொன்னார். போட்டோ எடுக்கப் பாறைமேல் ஏறி வழுக்கி விழுந்துவிட்டார் என்று சில்வெஸ்டர் டாக்டரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நான் அப்போது என் கணவரின் காதோரம் காய்ந்திருந்த சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மறுத்துப் பேசவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு அன்னாவிடம், பார்த்ததைப் போலீசில் சொல்லும்படி கேட்டேன். அவள், "நான் எதையும் பாக்கலடி ஜோசி. என் பொண்ணுக்கு இந்தக் கோயில்லதான் கல்யாணம் நடக்கணும்" என்றாள்.

இதுவரை ஏன் வரவில்லை என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். குழுவில் யாராவது ஒருவர் என்னோடு வருவார்கள் என்று காத்திருந்தேன். இன்று காலை ஞாயிறு பூசைக்குப் போனேன். பூசையில் சில்வெஸ்டர் மைக் முன்னால் வந்து, ஏழுகல் மலைச் சேவைப் பயணம் எந்தக் குறையும் இல்லாமல் நல்லபடியாக நிறைவேறியதற்காக நன்றி கூறி மன்றாடுவோம் என்றார். எல்லோரும், "ஆண்டவரே, உமக்கு நன்றி" என்றார்கள். அன்னாவும் சொன்னாள். நான் எழுந்து நேராக இங்கே வந்தேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் பொய் எதுவும் இல்லை.

(ஒப்பம்)
ஜோசபின்