முயல் கொழுந்து பறித்த படம்

எல்கடுவையிலிருந்து மாத்தளைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருவர் இருந்தார்கள்.

“முயலு எங்கயாவது கொழுந்து பறிக்குமா அக்கா?” என்று சிரித்தாள் இளையவள்.

“நான் என்னடி செய்ய? லீவுக்குக் குடும்பமா சேந்து பொம்மப் படம் எடுப்போம்னா மக. சிங்கத்த ஏமாத்துற முயல் கதை. முயல் பொம்மைக்குள்ள என் கை. புல்லப் பிடுங்குங்கன்னா. கை அது பாட்டுக்கு ரெண்டு எல, ஒரு மொட்டுன்னு கிள்ளி, கூடையில போடுற மாதிரி முதுகுக்குப் பின்னால வீசிருச்சு.”

“திட்டுனாளா?”

“படத்தையே கெடுத்துட்டீங்கம்மான்னு ரெண்டு நாள் மூஞ்சி குடுத்துப் பேசல. திரும்ப எடுக்க நேரமில்ல. நேத்து கோயில் மண்டபத்துல அப்படியே போட்டுட்டா. நான் தூணுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டேன்.”

“ஒளிஞ்சி என்ன? முயலு கிள்ளுன ஒடனே மண்டபமே எந்திரிச்சு கை தட்டுச்சே! ‘நம்ம ஆளுடி’ன்னு மொதல்ல கத்துனதே நாந்தான்.”

“சிங்கத்த ஆட்டுன எங்க வீட்டுக்காரருக்கு ஒரு கைதட்டு இல்ல. காலையில இருந்து மொறைக்கிறாரு.”

“மக?”

“அடுத்த படத்துக்கும் ஒங்க கைதாம்மான்னுட்டா.”

அவர்கள் இறங்கும் இடம் வந்தது. மூத்தவர் அந்தக் கையை உயர்த்தி மணியை அடித்தார். ஒரு தடவை போதும். அவர் மூன்று தடவை அடித்தார்.