வாயில நூலோட ஒரு விவாதம்

...அதைத்தான் சொல்லுறன் தங்கச்சி, போயும் போயும் இண்டைக்குத்தானோ அவ என்ர பார்லருக்கு வரவேணும்! அசையாதேங்கோ. கதைக்கவும் வேண்டாம். முகத்தில பூசினது காயுமட்டும் வாயைத் திறந்தீங்களெண்டால் வெடிச்சுப்போம். நான் கதைக்கிறன், நீங்கள் கேளுங்கோ.

பின்னேரம் ஹாபர் ரோட்டு மண்டபத்தில கூட்டம். குச்சவெளி பஸ்ஸால இறங்கேக்க போஸ்டர் பாத்திருப்பீங்களே? பிறந்தாலும் தங்காது எண்டு ஸ்கானில தெரிஞ்ச பிள்ளையை, மாசம் பிந்தினாலும் கலைக்க விடுறதோ இல்லையோ எண்டு விவாதம். இப்ப இருக்கிற சட்டத்தில தாயிட உயிருக்கு ஆபத்தெண்டால் மட்டும்தான். மற்றபடி மூச்! கோயில் ஆக்கள், சேர்ச் ஆக்கள், பள்ளிவாசல் ஆக்கள் எல்லாரும் மாத்தக்கூடாது எண்டு ஒரே மேசையில இருக்கினம். தண்ணிப் பிரச்சினைக்குக்கூட இப்பிடி ஒண்டா இருந்ததை நான் காணேல்லை! ஆம்பிளையள் வேற... பெண்சாதிட பிறந்தநாள் தெரியாதவன் எல்லாம் எத்தினையாம் கிழமை எண்டு கணக்குச் சொல்லுறான். சந்தியில ஒட்டின போஸ்டரை டவுனுக்குள்ள திரியிற மான் திண்டிட்டுது. ரெண்டு பகுதியிட போஸ்டரையும்தான், அதுக்கு என்ன பேதம்!

மாத்தவேணும் எண்ட பகுதியில நானும் கதைக்கப்போறன். ஓம், நான்தான்! மேடையில! பெண்கள் அமைப்பில இருக்கிற சுஹைரா வந்து, "தயாக்கா, கதைப்பீங்களோ" எண்டு கேட்டா. ஒருத்திக்குத் தலைச்சாயம் பூசிக்கொண்டு நிண்டனான், யோசிக்காமல் ஓம் எண்டிட்டன். இப்ப விடிஞ்சதில இருந்து, ஏலாது எண்டு சொல்லுவம் எண்டு ஃபோனை எடுக்கிறதும் வைக்கிறதும்.

நீ ஏன் கதைக்கோணும் எண்டு கண்ணால கேக்கிறீங்கள், விளங்குது. எனக்கு நடந்தது தங்கச்சி. பிள்ளைக்கு மண்டையோடு வளரேல்லை, பிறந்தாலும் தங்காது எண்டு ஸ்கான் பாத்த டொக்டர் சொன்னார். அப்ப என்ன செய்யிறது எண்டு கேட்டன். சட்டம் விடாது, சுமக்கத்தான் வேணும் எண்டார். சுமந்தன். பஸ்ஸில ஏறினால் எழும்பி இடம் தருவினம். ஆம்பிளைப் பிள்ளையோ, பொம்பிளைப் பிள்ளையோ எண்டு ஆசையாக் கேப்பினம். நான் சிரிச்சுக்கொண்டு மறுமொழி சொல்லோணும்... பிறந்து கொஞ்ச நேரம் மூச்சு விட்டுது. அவ்வளவுதான். சரி, விடுங்கோ.

இப்பிடி இருக்கேக்க இண்டைக்குக் காலமை யார் வாறது? பாக்கியரத்தினம் டீச்சர்! சட்டத்தை மாத்தவே கூடாது எண்டு எதிர்ப்பகுதியில கதைக்கப்போறவ. மேடைக்குப் போக முதல் புருவம் எடுக்கோணுமாம். வாற சனத்தைத் திருப்பி அனுப்பேலுமோ? இருத்திப்போட்டு நூலைப் பல்லில கடிச்சன். நூல் பல்லில இருக்கேக்க வாய் திறக்கேலாது, தெரியுந்தானே? அவ தொடங்கினா பாருங்கோ, பின்னேரப் பேச்சை அப்பிடியே! பாடமாக்கிறாவாம். நல்லாயிருக்கோ எண்டு நான் கேட்டுச் சொல்லோணுமாம்! "அந்த மாசத்தில பிள்ளை கைகால் அசைக்கும், எந்தத் தாய்க்கு மனசு வரும்" எண்டு... எனக்கோ வாயில நூல். வாய்க்கு வராத மறுமொழி எல்லாம் கைக்குப் போயிட்டுது தங்கச்சி! இழு இழு எண்டு இழுத்திட்டன். நிமிந்து பாத்தால் இடப்பக்கப் புருவத்தில பாதியைக் காணேல்லை!

கண்ணாடியை அவவிட கையில குடுத்திட்டு நூலைத் துப்பினன். நூலோட மற்றதெல்லாம் வந்திட்டுது. ஸ்கான், பஸ், எல்லாம். கத்தினன் எண்டே சொல்லலாம். சண்டைக்கு வருவா எண்டு பாத்தால், மனிசி தன்ர புருவத்தைப் பாக்கவே இல்லை. "பிள்ளைக்கு என்ன பேர் வச்சனீர்?" எண்டு கேட்டா.

பாருங்கோ அநியாயத்தை! எங்கட பகுதியில எத்தினை பேர் என்னோட கதைச்சவை. எத்தினையாம் மாசம், எந்த ஆசுப்பத்திரி, அழாமல் கதைப்பீங்களோ... நல்ல சனம்தான், குறை சொல்லேல்லை. ஆனா பேரை ஒருத்தரும் கேக்கேல்லை. கேட்டது இவ! ஒழுங்காச் சண்டை பிடிக்கவும் விடுறாவில்லை! பேர் வச்சனாங்கள்தான். நானும் கட்டாரில இருக்கிற அவரும் ஃபோனில மட்டும் சொல்லுற பேர். அதை அவவுக்குச் சொன்னன். பிறகு பென்சிலால புருவம் கீறி விட்டன். அப்பவும், "சட்டம் மாறக்கூடாது தயா, நான் கதைக்கத்தான் போறன்" எண்டு சொல்லிட்டுத்தான் படி இறங்கினா. "வேர்த்தால் அழியும் டீச்சர், மெதுவாக் கத்துங்கோ" எண்டன்.

இல்லை, இனி ஃபோனைத் தொடமாட்டன். போகத்தான் போறன். பேரைச் சொல்லித்தான் தொடங்குவன். மண்டபம் நிறைஞ்ச அவ்வளவு சனத்தில, அந்தப் பேர் எதிர்ப்பகுதியில இருக்கிற அவ ஒருத்திக்குத்தான் முந்தியே தெரிஞ்சிருக்கும்.

சரி, காய்ஞ்சிட்டுது, கழுவுவம். ஆ... நல்ல வெளிச்சமா இருக்கு முகம்! புருவமும் எடுத்து விடட்டோ? என்ன எழும்புறீங்கள்? நீங்கள் எந்தப் பகுதி எண்டு நான் கேக்கவே இல்லையே! தங்கச்சி... உதென்ன, முகம் துடைச்ச என்ர துவாயோட ஓடுறீங்கள்!