உள்ளங்கை அகலம்

— கையை எடு மச்சான். முதல்ல அந்தக் கதவுலேருந்து கையை எடு.

— எடுத்துட்டேன் மாமா. கத்தாதீங்க. நீங்க அந்த பம்பரைக் கீழ வைங்க. இப்பத்தான் குரோம் பூசினது, கீறல் விழுந்துடும்.

— கீறலைப் பத்தி நீ எனக்குச் சொல்றியா? இந்த பம்பருக்கு முலாம் பூசி வாங்கிட்டு வரத்தான் அஞ்சு நாள் வெளியூர் போனேன். போறப்ப இந்த ஷெட்டுல ஒரு கரும்பச்சைக் கார் நின்னுச்சு. அதோட கதவுல முகம் பார்த்துத் தலை வாரிட்டுக் கிளம்பினேன். இப்போ நிக்கறது என்ன?

— அதே கார்தான் மாமா.

— பானெட்ல துரு. கூரைல துரு. கண்ணாடியில விரல் கனத்துக்குத் தூசி. உள்ள... என்ன இது? சீட்டுல கோழி எச்சமா?

— ரெண்டே நாள்தான் விட்டேன். வாடகைக் கோழி.

— கோழியை வாடகைக்கு எடுத்தியா!

— வாங்கினா அப்புறம் யார் தீனி போடறது? சுருக்கமா சொல்றேன் மாமா...

— நீ சுருக்கமா சொல்றேன்னு ஆரம்பிச்சா சாயங்காலம் ஆயிடும். ஒரே வார்த்தைல சொல்லு. ஏன்?

— வித்துட்டேன்.

— எதை?

— வண்டியை. பத்து மணிக்கு லாரி வருது.

— ஞாயித்துக்கிழமை பழைய கார் கண்காட்சி மச்சான். நடுவருங்க பூதக்கண்ணாடியோட வருவாங்க. முப்பது வருஷமா அடுத்தவன் காருக்குப் பெயிண்ட் அடிச்சிருக்கேன். அடுத்தவன் கோட்டு போட்டுக்கிட்டு மேடையேறி கப்பு வாங்குவான், நான் கீழ நின்னு கை தட்டுவேன். இது ஒண்ணுதான் நான் எனக்குன்னு அடிச்ச வண்டி. பேப்பர் வேலையெல்லாம் நீ பார்த்துக்கோன்னு ஆர்.சி. புத்தகத்தை உன் பேர்ல எழுத விட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்.

— உங்க நன்மைக்குத்தான் மாமா. காலம் மாறிடுச்சு. பளபளன்னு இருக்கற வண்டியை இப்போ யாரும் சீந்தறதில்லை. ‘தொடாத வண்டி’ன்னு ஒரு ரகம். நாப்பது வருஷம் பூட்டிக் கிடந்த ஷெட்டைத் திறந்தா உள்ள தூசியோட அப்படியே ஒரு கார். அதுக்குத்தான் கிராக்கி. துரு இப்போ பாரம்பரியம்.

— நாலு வருஷம் முன்னாடி இதைத் துருவோடதானே வாங்கினோம்? தரை ஓட்டை வழியா செடி முளைச்சு வெளிய எட்டிப் பார்த்துச்சே. அப்பவே வித்திருக்கலாமே!

— அது அசிங்கமான துரு மாமா. இது பண்பட்ட துரு.

— போன வருஷம் வரைக்கும் நீ வீடு வீடாப் போய் குக்கர் வித்துட்டு இருந்தவன்.

— இப்போ பாரம்பரிய ஆலோசகர். கார்டு அடிச்சாச்சு. பார்க்கறீங்களா?

— அந்தக் கார்டால இந்தக் கோழி எச்சத்தைச் சுரண்டு. யார் வாங்கறா?

— மியூசியம்காரர். பழைய காரா நிறுத்தி வெச்சிருக்கார். பெரிய இடம். வாசல் கேட்டுலேருந்து வீட்டுப் படிக்குப் போகவே ஒரு கார் வேணும்.

— அவர்கிட்ட என்னன்னு சொன்னே?

— ஒரு வரலாறு சொன்னேன். இந்த மாதிரி வண்டிக்கு வரலாறு இல்லாம டயர்கூட விக்காது. ஒரு டாக்டர். அந்தக் காலத்துலயே வண்டியில போய் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். பிரியமான மனைவி திடீர்னு இறந்துபோறாங்க. அன்னிக்கு ஷெட்டைப் பூட்டினவர்தான், கடைசி மூச்சு வரைக்கும் திறக்கவே இல்லை. சொல்லும்போது எனக்கே கண்ணு கலங்கிடுச்சு.

— யாரு அந்த டாக்டர்?

— உங்கப்பா.

— எங்கப்பாவா? அவருக்கு சைக்கிள்லயே பேலன்ஸ் வராதுடா! மரக்கடையில வாட்ச்மேனா இருந்தவர்!

— கதையில அவர் டாக்டர் மாமா. அவருக்கும் ஒரு கௌரவம்தானே?

— அப்போ திடீர்னு இறந்துபோன பிரியமான மனைவி?

— அத்தை.

— எங்கம்மா நேத்து ராத்திரி போன்ல என்னை முக்கால் மணி நேரம் திட்டினாங்க!

— கதையில கல்யாணமான ஆறாவது மாசமே போயிட்டாங்க.

— ஆறாவது மாசமே போயிட்டா, நான் எப்படா பொறந்தேன்?

— அதையெல்லாம் யாரும் கணக்குப் போட்டுப் பார்க்க மாட்டாங்க மாமா. அழற மும்முரத்துல இருப்பாங்க.

— லாரி வரட்டும். மியூசியம்காரரும் வரட்டும். கைகட்டி நின்னு சொல்றேன். ஐயா, இது பொய்த் துரு. வினிகரும் உப்புத் தண்ணியும் அடிச்சு அஞ்சு நாள்ல வரவெச்ச துரு. உள்ள இருக்கறது நான் நாலு வருஷம் இழைச்ச பெயிண்ட். எங்கம்மா நம்பரையும் தர்றேன், பேசிப் பாருங்க.

— மாமா, மாமா, என்னை ஜெயிலுக்கு அனுப்பறீங்களா? உங்க பெண்டாட்டியோட கூடப் பொறந்தவன் நான்.

— அதை உப்புத் தண்ணி அடிக்கறப்ப நினைச்சிருக்கணும். நகரு. எவ்வளவு ஆழம் போயிருக்குன்னு பார்க்கணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள தேத்த முடியுமா... இரு. இது என்ன?

— எது மாமா?

— இந்தக் கதவு. கண்ணாடிக்குக் கீழ, முழங்கை வைக்கற இடம். பச்சை தேய்ஞ்சு, கீழ இருக்கற சாம்பல் பிரைமர் தெரிஞ்சு, அதுவும் தேய்ஞ்சு நடுவுல தகரம் தெரியுது. ஒண்ணு எங்க முடியுது, இன்னொண்ணு எங்க ஆரம்பிக்குதுன்னு விரல் வெச்சாக்கூடத் தெரியலை. இது நீ பண்ணலை.

— நான்தான் மாமா...

— உனக்கு உப்புத்தாளுக்கு எந்தப் பக்கம் முன்பக்கம்னு தெரியாது. சாவித் துவாரத்தைப் பாரு. சாவிக்கொத்து தொங்கி ஆடினா எப்படிக் கீறுமோ அப்படியே விசிறி மாதிரி. டிக்கி மூடியிலயும் இதே நிதானம். நாப்பது வருஷத் தேய்மானத்தை அஞ்சு நாள்ல கொண்டுவந்திருக்கான். அடப்பாவி. பானெட்டைப் பார்த்தியா? அமுக்கி மூடற இடத்துல ஒரு உள்ளங்கை. ஒவ்வொரு தடவையும் ஒரே மனுஷன் ஒரே இடத்துல கையை வெச்ச மாதிரி. யார்டா இவன்?

— வெளியாள்.

— எந்த ஊர்?

— சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க.

— சாதாரணமாத் தேய்க்கறவன் வட்டவட்டமா இழுப்பான். பார்க்கறவனுக்கு வேலை நடக்கற மாதிரி இருக்கும். இவன் நேராப் போறான், திரும்பற இடத்துல மட்டும் அழுத்தத்தைக் குறைக்கறான். சொல்லிக் கொடுத்து வர்றதில்லை இது. வெளிய சொல்லாதே, எனக்கே இப்படி வராது. இவன் கண்ணுல பட்டா, முதல்ல கால்ல விழுவேன். எழுந்திரிச்சு அதே காலை உடைப்பேன்.

— அப்போ மன்னிச்சுட்டீங்களா?

— உன்னை இல்லை. உன்னை என்ன பண்றதுன்னு பத்து மணிக்கு முடிவு பண்றேன். அவனைக் கூப்பிடு. என்கூடவே வெச்சுக்கறேன். போர்டுலகூட அவன் பேரைப் போடறேன்.

— அது... சரியா வராது மாமா. அதோ அக்கா வர்றா. அக்கா, நீ இப்போ வராதே, அப்புறம் வா!

— ஏன் வரக்கூடாது? வா, இங்க வந்து நில்லு. உன் அருமைத் தம்பி பண்ணியிருக்கற காரியத்தைப் பாரு.

— பார்த்தேங்க.

— எப்போ பார்த்தே?

— நடக்கறப்பவே.

— இவன் வண்டியை நாசம் பண்றதைப் பார்த்துக்கிட்டு நீ சும்மா இருந்தியா?

— சும்மா இருக்கலை. தேய்ச்சுக்கிட்டு இருந்தேன்.

— என்ன சொல்றா மச்சான் இவ?

— நான் எதுவும் சொல்லலை மாமா. நான் இங்கயே இல்லை.

— தமாஷுக்கு இது நேரமில்லை. நீ எங்க தேய்ச்சே? நீ பேப்பரைத் தண்ணியில நனைச்சு என் கையில கொடுப்பே, அவ்வளவுதான்.

— முதல் ரெண்டு வருஷம் நனைச்சுக் கொடுத்தேன். அப்புறம் உங்களுக்குத் தோள்பட்டை பிடிச்சுக்கிச்சு. ‘இன்னிக்கு மட்டும் கொஞ்சம் இழுத்து விடு’ன்னீங்க. அந்த இன்னிக்கு முடிஞ்சு விடியறதுக்குப் பதினாறு வருஷமாச்சு.

— ஒத்தாசையா ரெண்டு இழுப்பு இழுக்கறது வேற. ஸ்ப்ரே கன் பிடிச்சு பெயிண்ட் அடிக்கறது யாரு? நான்.

— நீங்கதான். அடிக்கறப்ப கதவைச் சாத்திக்குவீங்க, ஈகூட உள்ள வரக்கூடாது. அடிச்சு முடிச்சதும் வெளிய வந்து டீ கேப்பீங்க. காய்ஞ்சப்புறம் அது ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளிபுள்ளியா நிக்கும். அதைத் தண்ணியும் பேப்பருமா உக்காந்து கண்ணாடி ஆக்கினது யாருன்னு நினைச்சீங்க? ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவுல? ராத்திரி தானா வழுவழுன்னு ஆயிடும்னா?

— நான்... நீ கூடமாட இருந்தேன்னு தெரியும். நான் எப்போ இல்லைன்னேன்?

— போன மாசம் பத்திரிகைக்காரங்க படம் எடுக்க வந்தாங்களே. ‘அந்த பக்கெட்டைத் தூக்கிட்டு அந்தாண்டை போ, படத்துல விழறே’ன்னீங்க. போனேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டேன். எத்தனை பேர் வேலை செஞ்சீங்கன்னு அந்தப் பொண்ணு கேட்டா. ‘ஒரே ஆள்தாம்மா, இந்த ரெண்டு கைதான்’னீங்க.

— பேச்சுக்குச் சொல்றதுதானே அதெல்லாம்! அதுக்காக நாலு வருஷ உழைப்பை அழிப்பியா?

— நான் தேய்ச்சு அழிச்சது நான் தேய்ச்சு வெச்சதைத்தாங்க. உங்க பங்கு கதவு இடுக்குல அதே புள்ளியோட பத்திரமா இருக்கு. அங்க நான் கையே வைக்கலை, பார்த்துக்கோங்க.

— நீயும் இவனோட சேர்ந்துக்கிட்டியே. இவன் குக்கர் விக்கறவன், இவன்கிட்ட நான் என்னத்தை எதிர்பார்க்க முடியும்? நீ பண்ணலாமா?

— தம்பி வந்து, ‘அக்கா, இது உன்னால மட்டும்தான் முடியும்’னான். இந்த ஷெட்டுல அந்த வாக்கியத்தை நான் அன்னிக்குத்தான் கேட்டேன். காரியத்துக்காகத்தான் சொல்றான்னு தெரியும். இருந்தாலும் கேக்க நல்லா இருந்துச்சு.

— அக்கா, மாமா, சுருக்கமா சொல்றேன். வீட்டுச் சண்டையை வீட்டுல வெச்சுக்கலாம். பத்து மணிக்கு லாரி வந்துடும். அதுக்குள்ள ஆளுக்கு ஒரு முகத்தைச் சோகமா வெச்சுக்கிட்டா...

— மியூசியம்காரர் நேத்தே வந்துட்டுப் போயிட்டார் தம்பி.

— நேத்தா? எப்போ?

— மத்தியானம். நீ அந்த டாக்டர் படத்துக்கு ஃப்ரேம் போடப் போயிருந்தே.

— எங்கப்பா படத்துக்கு ஃப்ரேம் வேறயா?

— உங்கப்பா படம் இல்லை மாமா. ஸ்டுடியோவுல கிடைச்ச வேற யாரோட படமோ. அவருக்குக் கண்ணாடி போட்டு டாக்டர் களை இருந்துச்சு. அக்கா, மியூசியம்காரர் என்ன சொன்னார்? பிடிச்சிருந்துச்சா?

— வண்டியைச் சுத்தி வந்தார். சாவித் துவாரத்தைப் பார்த்தார். அப்புறம் பானெட்ல அந்தத் தேய்ஞ்ச இடத்துல தன் உள்ளங்கையை வெச்சார். நாலு பக்கமும் கை வெளிய நின்னுச்சு. எடுத்துட்டு, திரும்ப வெச்சுப் பார்த்தார். ‘இது டாக்டர் கை இல்லையே அம்மா. ஆம்பளைக் கைன்னா இதைவிடப் பெரிசா இருக்கணும். நாப்பது வருஷமும் இல்லை. ஒரு அஞ்சு நாள் இருக்குமா?’ன்னார்.

— ஐயோ! ‘இது என் கை’ன்னு நீ சொல்ல வேண்டியதுதானே! டாக்டர் மகள்னு சொல்லியிருக்கலாமே! கதையில ஒரு மகளைச் சேர்த்தா ஒண்ணும் கெட்டுப்போயிடாதே!

— ‘யாரோட கை?’ன்னு கேட்டார். என் கையைத் தூக்கிக் காட்டினேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

— காட்டிக் கொடுத்துட்டியே அக்கா. கூடப் பொறந்தவனை இப்படி நடுத்தெருவுல விட்டுட்டியே. வண்டி?

— வேணாம்னுட்டார்.

— வேணாம்னுட்டாரா? அப்போ வண்டி எங்கயும் போகலை! மச்சான், கேட்டியா, வண்டி நம்மகிட்டதான் இருக்கு! இன்னிக்கு வியாழன். வெள்ளி, சனி. முடியும், ராத்திரி பகல் உக்காந்தா முடியும். நீ சீட்டைக் கழுவு. நான் கன்னைச் சுத்தம் பண்றேன். இந்தாம்மா, எதுக்கு நிக்கறே, பக்கெட்ல தண்ணி பிடி, பானெட்டுலேருந்து ஆரம்பி. சண்டையெல்லாம் திங்கக்கிழமை போட்டுக்கலாம். பத்திரிகைக்காரங்க வந்தா உன்னையும் பக்கத்துல நிக்க வெக்கறேன், போதுமா?

— அப்போ நான் அந்த லாரிக்காரனுக்குப் போன் பண்ணி, வரவேணாம்னு சொல்லிடட்டுமா அக்கா?

— சொல்லாதே தம்பி, வரட்டும். மியூசியம்காரர் வண்டியைத்தான் வேணாம்னார், இந்தக் கையை மாசச் சம்பளத்துக்கு எடுத்துக்கிட்டார். பெட்டியையெல்லாம் கட்டி வாசல்ல வெச்சிட்டுத்தான் உள்ள வந்தேன்.