நானூற்றுத் தொண்ணூறாம் எண்

என் கண்பார்வையில் ஒரு கோளாறும் இல்லை, ஐயா. பாவம், வயசான ஆள், மங்கலாகத் தெரிந்து தப்பாக எழுதிவிட்டார் என்று நல்ல மனத்தோடு முடித்துவிடாதீர்கள். ஐம்பத்திரண்டு வயதிலும் ஊசியில் நூல் கோக்கிறவன் நான்.

எங்கள் ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிப் பதிவேடு என் பொறுப்பு. ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எண் உண்டு. காசநோய்க்குப் பதினொன்று, சாதாரண மார்ச்சளிக்கு நானூற்றுத் தொண்ணூறு. முதல் தடவை வருகிறவர்களுக்கு டாக்டர் நோயை எழுதுவார். மறுபடி வந்தால் ‘முன்போலவே’ என்று கிறுக்கிவிடுவார். காலையில் இருநூறு பேரைப் பார்க்கிற மனுசன் வேறென்ன செய்வார். பழைய எண்ணைப் பார்த்துச் சீட்டில் எழுதுவது நான். கம்பவுண்டர் அந்த எண்ணுக்குத்தான் மருந்து கொடுப்பார். யாருக்கு என்ன நோய் என்று வரிசையில் நிற்கிற சனத்துக்குத் தெரியக்கூடாது என்று இந்த ஏற்பாட்டைச் சொன்னதே நான்தான். பெரிய மேதாவி என்று நினைப்பு.

எண்பத்திரண்டாம் வருஷம் தை மாதம் ஆட்டையாம்பட்டிப் பக்கமிருந்து பாவாயி வந்தாள். தறி ஓட்டுகிறவள், இருபத்தாறு வயது, காசநோய். மூன்று மாதம் ஊசியும் மாத்திரையும் ஒழுங்காக நடந்து, கன்னத்தில் சதை பிடித்திருந்தது. சித்திரையில் ஒருநாள் பேச்சு சுவாரசியத்தில், அவளுக்கு முன்னால் வந்த ஆளின் எண்ணையே அவளுக்கும் போட்டுவிட்டேன். அடுத்த மாதம் அதைப் பார்த்து அதையே. இருமல் தண்ணியை வாங்கிக்கொண்டு போனாள்.

ஆனியில் கண்டுபிடித்தேன். இரண்டு இடத்தில் அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது. ஆனால் நான்கு வருடமாக என் பதிவேட்டில் ஓர் அடித்தல் கிடையாது. ஆய்வுக்கு வந்த அதிகாரி அதை மற்ற ஊர் கிளார்க்குகளுக்குத் தூக்கிக் காட்டியிருக்கிறார். வீட்டில் பெண்டாட்டிகூட மதிக்காத இந்த அர்த்தநாரிக்கு ஊரில் இருந்த ஒரே கிரீடம் அது. பழையதை அடிக்காமல், அன்றிலிருந்தாவது சரியான எண்ணைப் போட்டிருக்கலாமே என்பீர்கள். காசம் சளியானால் குணமாகிறது என்று நினைப்பார்கள். சளி மறுபடி காசமானால் யாராவது பக்கத்தைப் புரட்டுவார்கள். நானூற்றுத் தொண்ணூறு என்று முத்து முத்தாக எழுதினேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், எனக்கே வருகிறது.

அன்றைக்கு அவள் என் ஜன்னல் பக்கம் வந்து நின்றாள். கன்னம் பழையபடி ஒட்டியிருந்தது.

“ஏனுங்க, முந்தியெல்லாம் ஊசி போட்டாங்க. இப்ப வெறுந் தண்ணி மருந்துதானுங்க தாராங்க. எனக்கு நல்லாயிருச்சுங்களா?”

“ஆமா. அதனாலதான் ஊசிய நிறுத்திட்டாங்க.”

“உங்க வாயில சக்கரையத்தானுங்க போடோணும் சாமி. அப்ப பாப்பாவக் கூட்டிட்டு வந்தரலாமுங்களா? ஒட்டிக்கும்னு எங்கம்மா ஊட்டுல உட்டு வெச்சிருக்கறனுங்க.”

“தாராளமா கூட்டிட்டு வா” என்றேன். அவ்வளவு சந்தோஷமாக ஒருத்தி அந்த ஆஸ்பத்திரியை விட்டுப் போய் நான் பார்த்ததில்லை.

ஐப்பசியில் அவள் புருஷன் செல்லமுத்து வந்தான், தோளில் குழந்தை. “பாவாயி போய்ச் சேந்துட்டாளுங்க. இப்பப் புள்ளைக்கும் இருமலுங்க” என்றான். டாக்டர் ஊருக்குப் புதிது. என்னைக் கூப்பிட்டு, “இதோட அம்மாவுக்கு என்ன நோய், பாருங்க” என்றார். பதிவேட்டை எடுத்துக்கொண்டு போனேன். முதல் மூன்று வரியில் பதினொன்று. நான் கடைசி வரியைப் படித்தேன். மார்ச்சளிதான் என்றதும் தலையாட்டிவிட்டுக் குழந்தைக்கும் அதையே எழுதினார். எண் போட்டவன் நான். கார்த்திகை முடிவதற்குள் குழந்தையும் போய்விட்டது.

பாவாயி விஷயத்தில் முதலிலாவது மறதி இருந்தது. குழந்தை விஷயத்தில் அதுவும் இல்லை, தெரிந்தேதான் கொன்றேன். ஆனால் ஒன்று, ஐயா. நான் யாரிடமும் பொய் மட்டும் சொன்னதில்லை. பதிவேட்டில் இருந்ததைத்தான் படித்தேன்.