ஆறும் பன்னிரண்டும் சேர்ந்தால் நான்கு

எண்களை ஏவல் கொண்ட எங்கள் அம்மையே! கரும்பலகையைக் கட்டியாண்ட கணிதக் கோமகளே! எங்கள் பிழைகளுக்கெல்லாம் பெருந்தலைவலியே! பணி நிறைவு காணும் மூத்த கணித ஆசிரியையே, வணக்கம்!

வகுப்பில் கண்டிப்பும் வராந்தாவில் கலகலப்புமாக வலம் வந்தவர் நீங்கள். இரவல் வாங்கிய சிவப்புப் பேனாவைத் திருப்பித் தராதவர்மீது மட்டும் உங்களுக்குத் தீராப் பகை. அந்தப் பட்டியலில் நாங்கள் அனைவரும் உண்டு.

நோயால் வலக்கை தளர்ந்த எங்கள் இளைய கணித ஆசிரியர் நீண்ட விடுப்பு முடிந்து திரும்பிய நாளை மறப்போமா? ஒரு கட்டு விடைத்தாளைத் திருத்த உங்களுக்கு ஆறு மணி நேரம், அவருக்குப் பன்னிரண்டு. அன்றைய தலைமையாசிரியர் (இதோ, முன்வரிசையில் நெளிகிறார்) ஒரு கணக்குப் போட்டார்.

"ஆறும் பன்னிரண்டும் பதினெட்டு. ரெண்டால வகுத்தா ஒன்பது. டீச்சர் தனியாவே ஆறு மணி நேரத்துல முடிச்சிடுவாங்க. அவரைச் சேர்த்தா இழுவைதான். அவர்கிட்ட இருந்து வகுப்பை எடுத்துட்டு, ஸ்டோர் ரூமைப் பாத்துக்கச் சொல்லிடலாம்."

வெட்கத்துடன் சொல்கிறோம், நாங்களும் தலையாட்டினோம். வாசலில் நின்ற இளையவரின் முகம் வாடியதை நீங்கள் ஒருவரே கண்டீர்கள், சாக்பீஸை எடுத்தீர்கள்.

"நேரத்தைக் கூட்டாதீங்க சார். ஒரு மணி நேரத்துல யார் எவ்வளவு முடிக்கிறாங்கன்னு கூட்டுங்க. நான் ஆறில் ஒரு பங்கு, தம்பி பன்னிரண்டில் ஒரு பங்கு."

1/6 + 1/12 = 1/x என்று பின்னச் சமன்பாடு பலகையில் ஏறியது; x நான்கு என்று இறங்கியது.

"நாலே மணி நேரம்! எவ்வளவு மெதுவா செஞ்சாலும், கூட வந்தவர் கூட்டல்தான் சார், கழித்தல் இல்ல."

அன்று நான்கு மணி நேரத்தில் முடியவில்லை என்பது வேறு கதை. டீ குடித்த நேரம் கணக்கில் சேராது என்று சாதித்துவிட்டீர்கள். வகுப்பு அவரிடமே நிலைத்தது.

அம்மையே! இனி உங்கள் நாள்களில் அவசரம் கழிக, ஆரோக்கியம் கூடுக, பேரப்பிள்ளைகளின் சேட்டை பெருகுக, நெடுங்காலம் நிறைவாய் வாழ்க!

சட்டமிட்ட இம்மடலின் எழுத்துகள் சற்றே சாய்ந்திருக்கும். எழுதியது அந்தத் தளர்ந்த வலக்கைதான். ஆளுக்குச் சில வரிகள் எழுதலாம் என்று நாங்கள் போட்டி போட்டோம். "சேர்ந்தா சீக்கிரம் முடியும்னு எனக்குத் தெரியாதா? இது ஒண்ணு மட்டும் முழுசா என் கையாலேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

உங்கள் கூட்டலில் என்றும் இருக்க விரும்பும்,
ஆசிரியர்களும் அலுவலர்களும்