ஓராண்டு கழித்துத் திறக்கவும்

அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். ஜன்னலைச் சாத்தினால் புழுங்கும், திறந்தால் வண்டிச் சத்தம். உங்களுக்கு எது தேவலாமோ அப்படி வைத்துக்கொள்ளலாம். இருபத்திரண்டு வருடமாக இதே அறையில் இருக்கிறேன், எனக்கு இரண்டும் பழகிவிட்டது.

என் வேலை என்ன என்று முதலில் கேட்டீர்கள். இந்தப் பல்கலைக்கழகத்தில் யார் எந்த ஆய்வை எழுதினாலும் ஒரு பிரதி இங்கே வரும். அதற்குச் சுருக்கம் எழுதி, வகைப்படுத்தி, அழியாமல் காத்து, பொதுமக்கள் படிக்கும்படி இணையத்தில் வைப்பது ஒரு பாதி வேலை. மறுபாதி, அளப்பது. எந்த இதழில் வந்தது, எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள், அதற்கு எத்தனை புள்ளி. வருடக் கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி அனுப்பினால் தரவரிசையில் நமக்கு ஓர் இடம் கிடைக்கும். வளாகத்தில் என்னை 'மீட்டர்' என்பார்கள். பேராசிரியர்கள் மாடிப்படியில் பார்த்தால், "என்ன மீட்டர் சார், நம்ம மீட்டர் ஓடுதா, நின்னே போச்சா?" என்று கேட்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். பயந்துகொண்டு சிரிப்பவர்களோடு சேர்ந்து சிரிப்பது சுலபம்.

அக்கா இதே வளாகத்தில் நீர் வேதியியல் துறையில் இருந்தாள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அம்மா போனபிறகு எனக்குத் தலைவாரி விட்டதிலிருந்து கல்லூரியில் சேர்த்தது வரை அவள்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு என்னைக் காரணமாக ஒருநாளும் சொன்னதில்லை. நானும் ஒருகாலத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து நான்காம் வருடத்தில் விட்டுவிட்டேன். அவள் முடித்தாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் எழுதிக்கொண்டிருக்கிறீர்களே என்று சொல்கிறேன்.

அக்காவின் மீட்டர் ஓடியதே இல்லை. ஏரி, குளம், கிணறு என்று அலைந்து சோதித்துவிட்டு, முடிவுகளை எட்டுப் பக்கம் பத்துப் பக்கம் சிறு அறிக்கையாக, நாலாம் வகுப்புப் படித்தவருக்கும் புரிகிற மாதிரி எழுதி, அந்த நீரைக் குடிப்பவர்கள் கையில் கொடுத்துவிடுவாள். முப்பது வருடத்தில் நாற்பதுக்கு மேல் எழுதியிருப்பாள். அளவுகோலில் அவை அத்தனையும் பூஜ்யம்.

"இதுக்கெல்லாம் புள்ளி கிடையாதுக்கா" என்பேன்.

"புள்ளி மானுக்கு இருந்தா அழகு. எனக்கு எதுக்குடா?" என்பாள்.

அந்த வருடம் பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, அறிக்கை ஒன்றோடு இந்த அறைக்கு வந்தாள். ஊருக்கு வெளியே பழைய காய்கறித் தோட்டங்களை மனை பிரித்து விற்ற இடத்தில் புதுக் குடியிருப்பு எழும்பியிருந்தது. குழாய் இன்னும் போகவில்லை, நாற்பத்தொரு கிணறுகள்தான் கதி. அக்கா ஒவ்வொன்றிலும் ஏழு தடவை நீர் எடுத்துச் சோதித்திருந்தாள். பத்தொன்பதில் ஏதோ கலந்திருந்தது. நான் வேதியியல் படித்தவன் இல்லை, அதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது என்று முதல் விசாரணையில் சொன்னேன். அது அப்போது சொன்னது.

இங்கே சேர்ப்பதற்கு ஒரு படிவம் உண்டு. அதில் எட்டாவது கேள்வி, பொதுமக்களுக்கு எப்போது திறக்கலாம் என்பது. இரண்டு கட்டங்கள் இருக்கும்: 'உடனே', 'ஓராண்டு கழித்து'. அக்கா என் கணினியிலேயே உட்கார்ந்து நிரப்பினாள். 'உடனே' என்பதில் குறியிட்டாள்.

"பெரிய இதழுக்கும் இதையே அனுப்பியிருக்கியே அக்கா. முன்னாடியே வெளிய வந்துட்டா அவங்க எடுத்துக்க மாட்டாங்க."

"எடுக்காட்டிப் போறாங்க. நீ சொன்னியேன்னுதான் அனுப்பினேன். சுகாதார நிலையத்து நர்ஸம்மாகிட்ட இணைய முகவரிய எழுதிக் குடுத்திருக்கேன். நீ இன்னைக்கே திறந்து விட்டுடு. திங்கக்கிழமை நானே போய் வீடு வீடாச் சொல்லிடறேன்."

"சரிக்கா."

அவள் படியிறங்கிப் போன பிறகு குறியை மாற்றினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஏன் என்று கேட்டால், இரண்டு தடவை அவளுக்குப் பேராசிரியர் பதவியை மறுத்திருந்தார்கள். இரண்டு தடவையும் மறுப்புக்கு ஆதாரமாகப் போன எண்கள் இந்த மேஜையிலிருந்து போனவை. அந்த இதழில் ஒரே ஒரு கட்டுரை வந்துவிட்டால் மூன்றாம் தடவை மறுக்க முடியாது. வாழ்நாளெல்லாம் உழைத்தவளுக்கு ஒரு வருடம் பெரிதில்லை. அப்படித்தான் யோசித்தேன்.

மறுநாள் ஆய்வகப் படியில் கால் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்தார்கள், புண்ணில் சீழ் வைத்தது, மறுபடி திறந்தார்கள். ஏழு வாரம் படுக்கை. நல்ல ஓய்வு வேண்டும் என்று மருத்துவர் சொன்னதால் அவள் கைபேசி என் பையில் இருந்தது. தினமும் மாலை போய் உட்காருவேன்.

"தம்பி, அறிக்கையப் போட்டாச்சா?"

"போட்டாச்சுக்கா."

"நர்ஸம்மா பாத்தாங்களாமா?"

"பாத்துட்டுத்தான் எனக்குப் போன் பண்ணாங்க."

இதில் எதுவும் பொய் இல்லை. நர்ஸம்மா பார்த்தார். பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தில் இருந்த அலுவலக எண்ணுக்குப் பேசினார்.

"சார், பூட்டுப் படம்தான் வருது. உள்ள போக மாட்டேங்குது."

"ஆமாம்மா. ஓராண்டுக்கு மூடி வச்சிருக்கு."

"மேடம் உடனே பாக்கலாம்னாங்களே? அவங்க போனும் எடுக்க மாட்டேங்குது. எனக்கு எந்தெந்தக் கிணறுன்னு நம்பர் மட்டும் போதும் சார். அந்த ஒரு பக்கம்."

"விதின்னு ஒண்ணு இருக்கேம்மா. எழுத்துல கேளுங்க."

எழுத்தில் கேட்டார். நேர்த்தியான கையெழுத்து. வரிசை எண் போட்டு, தேதி முத்திரை குத்தி, கோப்பில் வைத்தேன். இப்படிப்பட்ட விண்ணப்பங்களுக்குப் பதில் தர முப்பது நாள் அவகாசம் உண்டு. இருபத்தொன்பதாம் நாள் மறுப்புக் கடிதம் அனுப்பினேன். அக்காவின் கைபேசிக்கு அவர் பதினொரு தடவை அழைத்திருந்தார். அதை நான் எண்ணிப் பார்த்தேன். எண்ணுவது எனக்குப் பழக்கம்.

அந்த விண்ணப்பம் வந்த பதினேழாம் நாள் முதல் குழந்தை இறந்தது. மூன்று மாதக் குழந்தை. அடுத்த வாரம் இன்னொன்று. மூன்றாவது, என் கடிதம் போய்ச் சேர்ந்த நாளில்.

தோட்டமாக இருந்த காலத்தில் வருடக்கணக்காகக் கொட்டிய உரம் மண்ணில் இறங்கி நீரில் கலந்திருந்தது. பெரியவர்கள் குடித்தால் தெரியாது. கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைத்துக் கொடுத்தால் அதன் இரத்தத்துக்கு மூச்சைச் சுமக்கும் சக்தி போய்விடும். உதடு நீலமாகும், குழந்தை சோர்ந்துவிடும். இரண்டாவது குழந்தையின் தாய், பிள்ளை சோர்வாக இருக்கிறதே என்று தண்ணீரை வழக்கத்தைவிட அதிக நேரம் கொதிக்க வைத்திருக்கிறாள். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் வற்றும், நஞ்சு அப்படியே நிற்கும். இது அறிக்கையின் நான்காம் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. 'கைக்குழந்தைக்கு இந்த நீர் வேண்டாம். கொதிக்க வைத்தால் இன்னும் கெடுதல்.'

அக்கா கைத்தடி ஊன்றி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் நர்ஸம்மா வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பூட்டி வச்சுட்டீங்களே மேடம்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அன்று மாலை அக்கா என்னிடம் கேட்டாள். "நான் எதுலடா டிக் பண்ணினேன்?"

அதற்குள் நான் பதிவேட்டைச் சரிசெய்திருந்தேன். யார், எந்த நேரம், எதை மாற்றினார் என்று இயந்திரம் ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளும். அதில் என் மாற்றத்தை நீக்கி, அவள் பெயரில் ஒரே ஒரு வரி இருக்கும்படி செய்திருந்தேன். அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். 'ஓராண்டு கழித்து.' பக்கத்தில் அவள் பெயர், தேதி, நேரம்.

வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். 'உடனேன்னுதானே போட்டேன், உன் கண்ணு முன்னாடிதானே' என்பாள், அப்போது சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

"கண்ணாடி மாத்தணும், மாத்தணும்னு தள்ளிப் போட்டுட்டே இருந்தேன்" என்றாள். "கை தவறிப் போச்சு போல."

தாளை மடித்துக்கொண்டே, "நீ கூடப் பாக்கலியேடா" என்றாள். உடனே, "உன்னச் சொல்லி என்ன பண்றது" என்று அவளே என் முழங்கையைத் தொட்டாள்.

அவள் என்னை நம்பினாள். எழுதினவள் அவள்தான். ஆனால் காப்பது என் வேலை. காக்கிறவனின் தாளில் இருப்பதுதான் நடந்தது என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

மூன்று தாய்மாருக்கும் தன் கையால் கடிதம் எழுதினாள். வேலையை விட்டாள். இரண்டாவது குழந்தையின் தாய் மட்டும் ஒருநாள் மத்தியானம் வீடு தேடி வந்தாள். நான் அடுக்களையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். சர்க்கரை போடலாமா என்று கேட்கக் கூடத்துக்கு வந்தபோது அவள் குரல் கேட்டது.

"நான் நல்லாக் கொதிக்க வச்சுத்தாம்மா குடுத்தேன். எம்மேல தப்பாம்மா?"

"இல்லம்மா. உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. எல்லாம் நான் பண்ணினது."

இருவருக்கும் அளவாகச் சர்க்கரை போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். யாரும் குடிக்கவில்லை.

அதன்பிறகு அக்கா வெளியே போவதை நிறுத்திவிட்டாள். சாப்பாடு குறைந்தது. எதையும் வாசிப்பதில்லை. தண்ணீர்க் குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுவாள். பதினான்காம் மாதம் இறந்தாள். இதயம் என்று மருத்துவர் எழுதினார். இடையில் கட்டுரை அந்தப் பெரிய இதழில் வந்துவிட்டது. மூன்று குழந்தைகள் இறந்ததால் பல நாடுகளில் எடுத்துப் பேசினார்கள், மேற்கோள்கள் குவிந்தன. பல்கலைக்கழகம் தரவரிசையில் முதல் நூறுக்குள் வந்தது. எனக்கு இணை இயக்குநர் பதவி கொடுத்தார்கள்.

நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று எனக்குத் தெரியும். எந்த ஆவணத்தையும் ஒரே இடத்தில் வைத்தால் அது பாதுகாப்பு ஆகாது. அதனால் பதிவேடு உட்பட எல்லாவற்றுக்கும் அன்றாடம் மூன்று பிரதி எடுக்க ஏற்பாடு செய்தவனே நான்தான். இரண்டு பிரதிகள் என் கைக்கு எட்டும். மூன்றாவது வேறு ஊரில் இருக்கிறது. அதை யாரும், நான்கூட, தொட முடியாதபடி அமைத்தேன். அதில் அந்த வெள்ளிக்கிழமை அப்படியே இருக்கும். மூன்று மணி ஆறு நிமிடம், அக்கா, 'உடனே'. மூன்று மணி பதினொரு நிமிடம், நான்.

இப்போது நீங்கள் மேஜைமேல் வைக்கிறீர்களே, இந்தக் கடிதத்தையும் எனக்குத் தெரியும். பதவி உயர்வு விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று அக்கா எழுதியது. அறிக்கை கொண்டுவந்ததற்கு மூன்று வாரம் முன்பு தேதி. ஓரத்தில் இருக்கும் சுருக்கொப்பம் என்னுடையது. ஆமாம், பார்த்துவிட்டுத்தான் போட்டேன். ஆகவே அவள் பதவிக்காகச் செய்தேன் என்று நான் சொன்னது நிற்காது. அந்த வருடக் கூட்டலில் முதல் நூறுக்குள் வர இன்னும் ஒரு பெரிய கட்டுரை தேவைப்பட்டது. அது அவளிடம் இருந்தது.

நான்காம் பக்கம் எனக்குத் தெரியாது என்பதும் நிற்காது. இங்கே வரும் எதற்கும் சுருக்கம் எழுதுவது நான் என்று சொன்னேனே. அந்த அறிக்கைக்கும் எழுதினேன், அதே வெள்ளிக்கிழமை மாலையே. 'பத்தொன்பது கிணறுகளின் நீர் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் உயிருக்கு ஆபத்தானது. கொதிக்க வைத்தல் ஆபத்தை மிகுதியாக்கும்.' நல்ல சுருக்கம். ஒரு சொல் கூடுதல் இல்லை. எழுதி முடித்ததும் அதையும் சேர்த்துப் பூட்டினேன்.

எழுதிக்கொள்ளுங்கள். அறிக்கையை மூடியவன் நான். எண்களைக் கேட்டவருக்கு மறுத்தவன் நான். மூன்று குழந்தைகள் என்னால் இறந்தார்கள். அந்தப் பழியை என் அக்காவின் பெயரில் எழுதி, அவள் அதைச் சுமந்து சாகும்வரை பக்கத்தில் இருந்து பார்த்தவனும் நான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒன்று மட்டும் விட்டுப்போகாமல் சேர்க்க வேண்டும். கடைசி வாரத்தில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊரே என்னத் தள்ளி வச்சப்பவும் நீ மட்டும் இருந்தியேடா" என்றாள். அந்தப் பதினான்கு மாதமும் ஒரு மாலைகூடத் தவறாமல் அவளோடு இருந்தேன். என் அக்காவை நான் கைவிடவில்லை என்பதும் உங்கள் பதிவில் இருக்கட்டும்.